நல்லா இருக்கறனுங்க

யுத்த காலத்தில் கரியைப் போட்டு ஓட்டிய பஸ் ஒன்று என் வலது காலில் ஏறிவிட்டது. நாமக்கல் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டேன். கூண்டில் ஏறியதும் பஸ் முதலாளியின் வக்கீல் கும்பிட்டு, "நல்லா இருக்கீங்களா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் சாகக் கிடப்பவன்கூட இதற்கு ஒரே பதில்தான் சொல்வான்.

"நல்லா இருக்கறனுங்க" என்றேன்.

அது தீர்ப்பிலேயே ஏறிவிட்டது. சௌக்கியமாக இருப்பதாக வாதியே ஒப்புக்கொண்டாராம்! கொடுத்த தொகை வைத்தியச் செலவுக்கே காணவில்லை. சேலத்தில் அப்பீல் செய்தேன்.

அதன்பின் நலம் கேட்டவர்கள் எல்லோர் மீதும் சந்தேகம். ஜேடர்பாளையத்திலிருந்து மைத்துனன் வந்து, "கால் தேவலைங்களா, மாமா?" என்றபோது, "உன்னை எந்த வக்கீல் அனுப்புனான்?" என்று கேட்டுவிட்டேன். அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

விசாரணையன்று சேலம் கோர்ட்டு வராந்தாவில் அதே வக்கீல், அதே கும்பிடு. "நல்லா இருக்கீங்களா?"

"நாசமாப் போங்க!" என்று கத்தினேன். பாழாய்ப்போன அந்த 'ங்க' அப்போதும் என் வாயை விடவில்லை.

அப்பீலில் தொகை கூடியது. மைத்துனன் மட்டும் இன்றுவரை என்னிடம் நலம் கேட்பதில்லை.