எழுநூற்று அறுபது என்றொரு பொய்

எங்கள் நிலநடுக்க ஆய்வு நிலையத்தில் கருவி அறை என் பொறுப்பு. கையெழுத்து இல்லாமல் ஒரு கேபிள் சுருளைக்கூட வெளியே விடமாட்டேன். கெஞ்சினாலும் விடமாட்டேன், மிரட்டினாலும் விடமாட்டேன். அப்பேர்ப்பட்ட நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் கையெழுத்தும் இல்லாமல் இருபத்து நான்கு அதிர்வு உணரிகளையும் ஒரு சம்மட்டியையும் லாரியில் ஏற்றிவிட்டேன். அதற்கு மெமோ கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இது என் கதையல்ல. அந்த லாரியின் முன்சீட்டில், மடியில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவின் கதை.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. அலுவலகத்தில் காவலாளி முதல் கணக்காளர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். இயக்குநருக்கு மட்டும் வேலை ஆகவேண்டுமென்றால் ‘மேடம்’, மற்ற நேரங்களில் ‘அந்த டைப்பிஸ்ட்’. இருபத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அக்கா இங்கே தட்டச்சு செய்யத்தான் வந்தார். விஞ்ஞானிகள் காகிதத்தில் கிறுக்கித் தரும் ஃபோர்ட்ரான் புரோகிராம்களைப் பார்த்துக் கணினியில் அடிக்க வேண்டும். அடித்த புரோகிராம் ஓடாது. “நீ தப்பா அடிச்சிருக்கே” என்பார்கள். உண்மையில் அவர்கள் தப்பாக எழுதியிருப்பார்கள். திட்டு வாங்கி வாங்கியே, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க அக்கா கற்றுக்கொண்டார். புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நல்ல சம்பளம் தேடிக் கிளம்பிப் போனார்கள். கடைசியில் மிஞ்சியது அக்கா ஒருவர்தான். ஃபோர்ட்ரானில் முதல் ஆறு இடத்தை விட்டுவிட்டு ஏழாவது இடத்தில்தான் வரியை ஆரம்பிக்க வேண்டுமாம். அந்தப் பழக்கம் அவருக்கு எந்த அளவுக்கு ஊறிவிட்டதென்றால், கடைக்குப் போகும் பட்டியலைக்கூட ஆறு இடம் தள்ளித்தான் எழுதுவார்.

இன்றைக்கும் அவர் பதவி ‘தரவுப் பதிவாளர், இரண்டாம் நிலை’. அவர் இல்லையென்றால் இந்த நிலையத்தில் ஒரு அறிக்கை வெளியே போகாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில், ‘அலுவலக ஊழியர்களுக்கும்’ என்று இரண்டு சொல் வரும். அதற்குள்தான் அக்காவும், தண்ணீர் கேன் போடுகிறவரும், நானும் இருக்கிறோம். எனக்கு அது சரி. அக்காவுக்கு அது சரியா? இதைக் கேட்டால் அக்கா சிரிப்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

அவர் பார்க்கும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பூமிக்கு அடியில் அதிர்வு எந்த இடத்தில் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் சேர்த்து வைத்த பெரிய தொகுப்பு ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதை வேக மாடல் என்பார்கள். பாறையில் அதிர்வு வேகமாக ஓடிவிடும். பொலபொலவென்ற மண்ணில் மெதுவாகப் போகும், ஆனால் மேலே இருக்கிற கட்டடத்தைப் போட்டு உலுக்கிவிடும். ஆகவே எங்காவது கட்டடம் கட்டுவதென்றால் முதலில் எங்களிடம் எழுதிக் கேட்பார்கள். அக்காவின் ஃபோர்ட்ரான் புரோகிராம் அந்த இடத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை, ஆழம் மூன்றையும் மாடலிடம் கொடுத்துக் கேட்கும். மாடல் வேகத்தைச் சொல்லும். யாரும் எப்போதும் அளந்து பார்க்காத இடமாக இருந்தால், மைனஸ் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று சொல்லும். எந்த மண்ணிலும் வேகம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் அந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான்: எனக்குத் தெரியாது.

போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக்காகக் கேட்டு எழுதியிருந்தார்கள். நாலு மாடி, அறுநூறு பிள்ளைகள். அக்கா புரோகிராமை ஓட்டினார். வினாடிக்கு எழுநூற்று அறுபது மீட்டர் என்று வந்தது. கெட்டியான நிலம். அறிக்கை போனது, அதை வைத்துச் சாதாரண அஸ்திவாரத்துக்கே வரைபடமும் போட்டுவிட்டார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். ஒருநாள் சாப்பிடும்போது அக்கா பேச்சுவாக்கில் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மாமாவுக்குப் புரையேறிவிட்டது.

“எது, சூளைக்காரங்க மண்ணு தோண்டின பள்ளமா? அங்க கெட்டி நிலமா? ஒம்பது வருஷம் நானே கொட்டியிருக்கேன்டி! இடிச்ச சுவரு, ஒடஞ்ச ஓடு, பழைய மெத்தை, லாரி டயரு. எல்லாம் உள்ளதான் கெடக்கு. அதுமேல நாலு மாடியா?”

மறுநாள் அக்கா டப்பாவைத் திறக்காமலே சாப்பாட்டு நேரம் முழுக்கத் திரைமுன்னால் உட்கார்ந்திருந்தார். புரோகிராமை விட்டுவிட்டு மாடலை நேரடியாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்த மைனஸ் தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம்தான் வந்தது. தெரியாது என்று மாடல் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் எழுநூற்று அறுபது எங்கிருந்து வந்தது? புரோகிராமின் அடிவயிற்றில் ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. ‘பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் எழுநூற்று அறுபது என்று வைத்துக்கொள்.’ அதற்கு மேலே ஒரு குறிப்பு: ‘தற்காலிகம். பிறகு சரிசெய்யவும்.’ பக்கத்தில் ஒரு தேதி, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தையது. அதற்கும் பக்கத்தில், அப்போது இளநிலை விஞ்ஞானியாக இருந்த இன்றைய இயக்குநரின் முதலெழுத்துகள்.

அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது. புரிந்ததும் என் காது சூடாகிவிட்டது.

“இந்த வரிய இத்தனை வருஷமா நானும் பாத்திருக்கேன் தம்பி. படிச்சவங்க வெச்சிருக்காங்க, ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். எம்மேலயும் தப்பு இருக்கு” என்றார்.

அவர் மேல் என்ன தப்பு? அந்தப் பகுதியைத் தொடக்கூடாது என்று சொன்னவரே இயக்குநர்தானே? ஆனால் அக்கா அப்படித்தான். ஊரார் தப்பையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்.

அன்று மதியமே இருவரும் இயக்குநர் அறைக்குப் போனோம். எங்களை உட்காரச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“சரி, இதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“தெரியலன்னு எழுதி அனுப்பிடலாம் சார். இன்னும் அஸ்திவாரம் தோண்டல. அடுத்த மாசம்தான் தோண்டுறாங்க.”

“தெரியலன்னு எழுதறதா? நம்மகிட்ட எதுக்குக் கேக்கறாங்க? தெரிஞ்சுக்கத்தான். நாமளே தெரியலன்னா நாளைக்கு இந்த நிலையத்தை எதுக்கு வெச்சிருக்கணும்? அது ஒரு சராசரி அளவு. உலகம் பூரா இருக்கறதுதான். நீங்க டைப் பண்ண வந்தவங்க மேடம், அறிவியலை எங்ககிட்ட விட்டுடுங்க.”

வாய் கூசாமல் சொன்னார். கேட்டீர்களா? அந்த மாடல் ஒரு மெஷின். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் யோக்கியதை அதற்கு இருக்கிறது. இரண்டு முனைவர் பட்டம் வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் மனுஷனுக்கு இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்கு அவசரமாக வரைபடம் போட வேண்டியிருந்ததாம். அளக்காத இடமெல்லாம் படத்தில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழுந்ததாம். அதைப் பூசி மெழுகப் போட்டதுதான் அந்த வரி. மாநாடு முடிந்தது, கைதட்டு முடிந்தது, வரி மட்டும் அப்படியே கிடந்தது. அதன் வழியாக இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை அறிக்கை போயிருக்கிறது என்று அக்கா எண்ணிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தோடு சேர்த்து நாற்பத்தொன்று.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். அக்கா கத்தவில்லை. “அளந்து பாத்துட்டா அவர் என்ன சொல்ல முடியும்?” என்று மட்டும் கேட்டார்.

அளப்பது பெரிய வித்தை இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நிலத்தில் ஓர் இரும்புத் தட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்க வேண்டும். வரிசையாக நட்டு வைத்த உணரிகள் அந்த அதிர்வு எப்போது வந்து சேர்ந்தது என்று சொல்லும். அரைநாள் வேலை. அதற்கான சாமான் எல்லாம் என் அறையில், என் பூட்டுக்குள், தூசி படிந்து கிடந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த நாற்பத்தொரு இடங்களில் ஒன்றுக்குக்கூட யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எழுநூற்று அறுபது கிடைக்கும்போது வெயிலில் போய் யார் சம்மட்டி தூக்குவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தூக்கினோம். மாமா லாரியைக் கொண்டுவந்தார். சம்மட்டி அடித்ததும் அவர்தான். ஒவ்வொரு அடிக்கும் “இது மெத்தைக்கு, இது டயருக்கு” என்று சொல்லிச் சொல்லி அடித்தார். அக்கா குடையை விரித்துக் கணினிக்கு நிழல் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நின்றார். பகல் ஒரு மணிக்குக் கணக்கு முடிந்தது. தரையிலிருந்து பதினைந்து மீட்டர் ஆழம் வரைக்கும் வினாடிக்கு நூற்று எழுபது மீட்டர்தான். அக்கா அந்த எண்ணை இரண்டு தடவை படித்தார். பிறகு முள்கம்பிக்கு அந்தப் பக்கம் நட்டிருந்த பலகையைப் பார்த்தார். பள்ளிக்கூடம் கட்டி முடித்ததும் எப்படி இருக்கும் என்று அதில் வரைந்திருந்தார்கள், வாசலில் பிள்ளைகளோடு. அப்போதுதான் அவர் அழுததைப் பார்த்தேன். மாமா சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை இயக்குநர் மேசையில் அந்த வரைபடத்தை வைத்தோம். டிராயரில் போட்டுக்கொண்டார். “நாளைக்குள்ள நீங்க அனுப்பலன்னா நான் அனுப்பிடுவேன் சார்” என்றார் அக்கா. அவர் அனுப்பவில்லை. அக்கா அனுப்பினார். பள்ளிக்கூடப் பொறியாளர் நல்ல மனுஷர், மறுவாரமே ஆள் வைத்துத் துளை போட்டுப் பார்த்துவிட்டார். பதினாலு மீட்டரிலும் செங்கல் துண்டு வந்தது. பழைய வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாறை வரை தூண் இறக்கி அஸ்திவாரம் போட முடிவு செய்தார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ‘எங்கள் நிலையம் தொடர்ந்து மேற்கொண்டுவரும் தர ஆய்வில் இது கண்டறியப்பட்டது’ என்று இயக்குநர் ஒரு கடிதம் எழுதினார். அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அனுமதியின்றிக் கருவி எடுத்ததற்காக எனக்கும், அனுமதியின்றிக் கடிதம் அனுப்பியதற்காக அக்காவுக்கும் மெமோ வந்தது. இரண்டும் ஒரே நாளில், ஒரே டைப்பில். அந்த மெமோக்களை அடித்துக் கொடுத்ததே அக்காதான். தன் மெமோவில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்பினார்.

மீதி நாற்பது இடங்களையும் அளக்க அனுமதி கேட்டு அக்கா ஒரு கோப்பு வைத்தார். ஏழு வாரம் அது இயக்குநர் மேசையில் கிடந்தது. அதன்மேல் காபிக் கோப்பையின் வட்டம் விழுந்திருந்ததை நானே பார்த்தேன். அக்கா அந்த நாற்பதையும் வரிசைப்படுத்தித் தன் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தார். முதலில் இரண்டு ஆஸ்பத்திரி, பிறகு பதினொரு பள்ளிக்கூடம், அப்புறம் மற்றவை. ஆறு இடம் தள்ளித்தான் எழுதியிருந்தார்.

எட்டாவது வாரம் ஒரு பிற்பகல். பேட்டரி பட்டியலைச் சரிபார்க்க நான் அக்காவின் மேசைக்குப் போயிருந்தேன். ஜெராக்ஸ் மெஷினுக்கும் சன்னலுக்கும் நடுவே ஒடுக்கமான இடம். இயக்குநர் அங்கே வந்து நான் பார்த்ததே இல்லை. அன்று வந்தார். வந்தவர் சுவரில் இருந்த பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயரில் விரலை வைத்தார்.

“இதுவும் நம்ம ரிப்போர்ட்டா மேடம்?”

“ஆமா சார், ஆறு வருஷம் முன்னாடி.”

“என் பொண்ணு அங்கதான் வீடு வாங்கியிருக்கா. போன மாசம்தான் குடிபோனா. கைக்குழந்தை வேற.” குரல் இறங்கிவிட்டது. “கொஞ்சம் ஓட்டிப் பாருங்களேன்.”

அக்கா அந்த இடத்தின் எண்களை அடித்தார். கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் நிமிர்ந்து பார்த்தார். குத்தலாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“உங்க வரியோட ஓட்டவா சார், இல்லாம ஓட்டவா?”

இயக்குநர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“இல்லாம.”

மைனஸ் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

“தெரியாதுன்னு அர்த்தம் சார்” என்றார் அக்கா. “நல்ல நிலமாவும் இருக்கலாம். அளந்தாத்தான் தெரியும்.”

“நாளைக்கே போயிடலாமா?”

“வரிசையில முப்பத்திரண்டாவதா இருக்கு சார்.”

அவர் திரும்பித் தன் அறைக்குப் போனார். கால் மணி நேரத்தில் கோப்பு கீழே வந்தது. காபி வட்டத்துக்கு நடுவில் கையெழுத்து. நாற்பது இடத்துக்கும் அனுமதி.

எனக்குப் பொறுக்கவில்லை. “அறுநூறு பிள்ளைங்களுக்கு வராத கையெழுத்து, சொந்தப் பேரப்பிள்ளைன்னதும் பறந்து வருதா? தூ!” என்றேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“எதுக்காகப் போட்டா என்ன தம்பி, போட்டாச்சுல்ல” என்றார் அக்கா. “சம்மட்டிய எடுத்து வை. நாளைக்கு ஆஸ்பத்திரி.”

எடுத்து வைத்தேன். இந்த முறை கையெழுத்தோடு. நேற்றோடு ஒன்பது இடம் அளந்து முடித்தோம், அதில் நாலு இடம் எழுநூற்று அறுபதுக்குப் பக்கத்திலேயே இல்லை. இயக்குநர் தினமும் ஒரு தடவை ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் வந்து பட்டியலைப் பார்த்துவிட்டுப் போகிறார். முப்பத்திரண்டாவது இன்னும் முப்பத்திரண்டாவதாகவே இருக்கிறது.