ஒடுகத்தூர் மலையின் பொய்த்தேள்கள்

ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வேலூருக்கு வந்து இறங்கியதும் ஃபிர்தௌஸ் போனைத் திறந்தாள். அவள் எதிர்பார்த்திருந்த பதில் ஆய்விதழிலிருந்து வந்திருந்தது. நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தாள்.

ஒடுகத்தூருக்கு மேலே உள்ள காட்டில், மரப்பட்டைக்கு அடியிலிருந்து அவள் பிடித்து வந்தவை பொய்த்தேள்கள். அரிசியில் பாதிகூட இருக்காது. தேளுக்கு இருப்பதுபோல் இரண்டு இடுக்கிகள் உண்டு, வால் கிடையாது. மூன்று சரிவுகளில் மூன்று விதமாகக் கிடைத்தன. மூன்றிலும் இடுக்கியின் அசையாத விரலில், மற்ற உறவுக்கார உயிர்களுக்கு இருப்பதைவிட ஓர் உணர்முடி குறைவு. யாரும் இதுவரை விவரிக்காத பேரினம், அதில் மூன்று இனங்கள் என்று ஆய்விதழுக்கு எழுதி அனுப்பியிருந்தாள். மூன்றாவது இனத்துக்கு அம்மாவின் பெயர். ஷூ கம்பெனியில் தைக்கும் அக்தரி பேகம் அதைத் தன் லைனில் இருந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தாள்.

ஆய்விதழ் கேட்டிருந்தது ஒரே கேள்வி. குஞ்சுகளுக்கும் முடி குறைவாகத்தான் இருக்கும். இவை வளர்ந்தவை என்பதற்கு என்ன ஆதாரம்?

உடலைத் திறந்து இனப்பெருக்க உறுப்பைக் காட்டினால்தான் ஆதாரம். மற்ற இரண்டிலும் சில உயிர்கள் கைவசம் இருந்தன. முதல் இனத்திலோ ஒன்றே ஒன்று. பேரினத்தின் விவரணையே அதன்மேல்தான் நின்றது. அவளுடைய ஆய்வு வழிகாட்டி இன்பராஜ் தயங்கினார். உருவ அளவை வைத்து வாதாடிப் பதில் எழுதலாம் என்றார்.

"உடைஞ்சி போச்சுன்னா இன்னொண்ணு கிடைக்காதும்மா. அந்தச் சரிவு கோடையில எரிஞ்சி போச்சி."

"தெரியும் சார். ஆனா அவங்க கேக்கறது நியாயம். குஞ்சுன்னா பேரினமே கிடையாது. அது தெரியாம எப்டி சார் பேர் வைக்கறது?"

காற்றில் எதுவும் பறந்துவிடாதபடி அவர் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். அதுதான் அவருடைய சம்மதம்.

ஆய்வகம் சூடேறியது. கண்ணாடிக் குழியில் இருந்த துளிக்குள் அந்த உயிர் மிதந்தது. ஃபிர்தௌஸ் ஊசியை இறக்கினாள். வலது இடுக்கி பிரிந்து வந்தது; அடுத்த நொடி காணோம். நுண்ணோக்கியில் துளியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேடினாள். இல்லை. மேசையிலா, சட்டையிலா, தரையிலா? மூச்சு விடவே பயமாக இருந்தது. அசையாமல் உட்கார்ந்து, கடைசியில் கையில் இருந்த ஊசியையே நுண்ணோக்கிக்கு அடியில் நீட்டிப் பார்த்தாள். நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உடலை லாக்டிக் அமிலத்தில் இட்டு மெல்லச் சூடுகாட்டினாள். கருமை கரைந்து உள்ளே இருப்பது தெரிய நேரமாயிற்று. தெரிந்ததும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நகர்ந்து வழிவிட்டாள்.

"ஆண். நல்லா வளர்ந்த ஆண்," என்றார் இன்பராஜ்.

இரண்டாவது இனத்தில் வளர்ந்த பெண் இருந்தது. மாலை வெயில் ஜன்னலில் சாயும்போது மூன்றாவதைப் பார்த்தாள். ஒன்றில்கூட இனப்பெருக்க உறுப்பு இல்லை. எல்லாமே குஞ்சுகள். அவற்றின் முடி குறைந்ததற்கு வயதுதான் காரணமாக இருக்கலாம். அவை ஏற்கெனவே தெரிந்த ஒரு பேரினத்தின் பிள்ளைகளாகவே இருக்கலாம். கட்டுரையிலிருந்து அம்மாவின் பெயர் இருந்த பகுதி முழுவதையும் அவளே நீக்கினாள்.

வீட்டில் சொன்னபோது அக்தரி பேகம், கம்பெனியில் தானே சொல்லிக்கொள்வதாகவும், மகள் அதற்காக மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுச் சாப்பாடு போட்டாள்.

இரண்டு இனங்களோடு அந்தப் பேரினம் ஏற்கப்பட்டது. முதல் மழை விழுந்ததும், மூன்றாவது சரிவில் வளர்ந்தவை ஏதாவது கிடைக்குமா என்று தேட அவள் ஒடுகத்தூர் பஸ் பிடித்தாள்.