மேட்டில் அவரவர் இடம்

அந்தமானில் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் நின்றால் எங்கள் வீடு தெரியும். கடலுக்கு அவ்வளவு பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு, சர்க்கார் நிலம். ஆடு மேயும், வேறொன்றும் நடக்காது. சுனாமியன்று கடல் வீட்டுக்குள் வந்தபோது எங்கள் தெருவே அந்த மேட்டில்தான் ஏறியது. மாமரத்தடியில் பெங்காலிகள், பாறையை ஒட்டித் தெலுங்கர்கள், சரிவில் நாங்கள். அதன்பிறகு எப்போது பூமி ஆடினாலும், கதவருகே தொங்கும் அவசரப் பையை எடுத்துக்கொண்டு ஓடி, அவரவர் இடத்தில் உட்காருவோம். அடுத்தவர் இடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. பட்டா வைத்திருப்பவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக இருக்கமாட்டார்கள்.

அந்த மேட்டை ஒரு ரிசார்ட்டுக்குக் குத்தகைக்கு விடப்போவதாகப் போர்ட் பிளேயரில் கூட்டம் போட்டார்கள். மெயின்லாண்டிலிருந்து வந்த தமிழ் அதிகாரி ஒருவர், "சும்மாதானே கெடக்கு? யாராவது யூஸ் பண்றீங்களா?" என்று கேட்டார்.

"பூமி ஆடுனா ஏறுவோம் சார்" என்றேன்.

"தினமுமா ஆடுது?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். திரும்பி வரும்போது ஃபெர்ரியில்தான் பதில் தோன்றியது. சும்மா கிடப்பதுதான் சார் அந்த நிலத்தின் வேலை. ஒருவர் கைக்குப் போய்விட்டால் அவரைக் கேட்டுத்தான் ஏற வேண்டும். கடல் அதுவரை காத்திருக்காது.

இந்த மழைக்காலத்தில் ஒரு காலை, பாத்திரங்கள் கிடுகிடுத்தன. முட்டிவலிக்கார அம்மாவைத் தோளில் தாங்கிக்கொண்டு ஏறினேன். பழக்கத்தில் பழைய பாதையிலேயே போய் ரிசார்ட்டின் கம்பிவேலியில் முட்டினோம். சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தால், காவலாளி, "புக்கிங் ஹை க்யா?" என்றான். நக்கலில்லை, ரூம் புக் பண்ணியிருக்கிறோமா என்று உண்மையாகவே கேட்டான். திறக்க அவனுக்கு உத்தரவில்லை.

வேலிக்கு வெளியே ரோட்டோரமாக உட்கார்ந்தோம். யாரும் சொல்லாமலே அதே வரிசைதான், பெங்காலிகள், தெலுங்கர்கள், கடைசியில் நாங்கள். சுனாமியில் தண்ணீர் அந்த ரோடு வரை வந்திருந்தது. உள்ளே எங்கள் சரிவில் குடைக்குக் கீழே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எனக்கு அழுகையாக வந்தது. அன்று கடல் வரவில்லை.

இறங்கும்போது, இன்னும் தூத்துக்குடிப் பேச்சு மாறாத அம்மா சொன்னாள்: "ஏட்டி, அடுத்த தடவ என்னைய இழுக்காத. ரோட்டுல உக்காந்து சாகுறதுக்கு வீட்டுலயே கெடக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து தன் மாத்திரைகளையும் மாற்றுப்புடவையையும் எடுத்து அலமாரியில் வைத்தாள். நான் தடுக்கவில்லை. எங்கே ஓடலாம் என்று சொல்லித் தடுப்பது?