லுங்கி கட்டிய பைலட்

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் பாதியை என் வீட்டுக்காரரின் கம்ப்யூட்டர் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்த கதை இது. மானிட்டர் பின்பக்கம் பானை மாதிரி புடைத்திருக்கும். கட்டில் வாங்கலாம் என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்தபோது, யாரோ கழித்துவிட்ட அந்தப் பெட்டியை வாங்கிவந்து வைத்தார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அவருக்கு இரும்பு ஆலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போர் விமான கேம்தான். எதிரியைத் துரத்தி விமானத்தை வெடுக்கென்று திருப்பும்போது பல்லைக் கடித்து, தொடையையும் வயிற்றையும் இறுக்கி, "ஹக்... ஹக்..." என்று மூச்சை வெட்டி வெட்டி விடுவார். கழுத்து நரம்பு புடைக்கும். நிஜ பைலட்டுகள் அப்படித்தான் செய்வார்களாம். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துவந்த காகிதத்தில் இருந்ததாம். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற மனுஷருக்கு அது எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

எனக்கு சிப்காட் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கான ஒயர்களைக் கோர்க்கும் கம்பெனியில் வேலை. சிவப்பு ஒயருக்கு ஒரு துளை, பச்சைக்கு ஒரு துளை. எட்டு மணி நேரமும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஆறு மாதப் பயிற்சி முடிந்தால் பெர்மனென்ட் ஆக்குவார்கள். நாலாவது மாதம் மயங்கி விழுந்தேன். ஐந்தாவது மாதமும் விழுந்தேன். கல்யாணமாகி மூன்று வருஷமானவள் விழுந்தால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "விசேஷமா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது. கம்பெனி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, சத்தாகச் சாப்பிடு என்றார். சூப்பர்வைசர் அதோடு விடவில்லை.

"தோ பாரும்மா, நாஷ்டா துன்னுட்டு வரியோ, துன்னாம வரியோ, எனக்குத் தெரியாது. இன்னொரு தபா வுயுந்தேன்னா உன் பேர மேல எழுதி அனுப்ப மாட்டேன்."

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், வேலையே வேண்டாம் என்பார். அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன், அழுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று. தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். விமானம் திரும்பியது. வானத்தின் நீலம் போய்ச் சாம்பலானது. ஓரங்கள் கறுத்தன. பிறகு முழு இருட்டு. நறுக்குவதை நிறுத்திவிட்டேன். எனக்கும் இதே வரிசையில்தான் வரும். விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பு ஒயரும் பச்சை ஒயரும் ஒரே சாம்பலாகிவிடும்.

"கலரு ஏன்யா போவுது?" என்று கேட்டேன்.

"அப்டி கேளு! வேகமா திருப்பசொல்லோ பைலட்டுக்கு ரத்தம்லாம் காலாண்ட எறங்கிடும்மே. தலைக்கு ஏறாது. மொதல்ல கண்ணுதான் அவுட்டு. அதுக்குதான் காலு, வயிறுலாம் இறுக்கிக்கினு மூச்ச வுடுறது." எழுந்து நின்று செய்தும் காட்டினார்.

சூப்பர்வைசர் மேலிருந்த ஆத்திரமெல்லாம் அவர் மேல் பாய்ந்தது. "ஸ்டூல்ல குந்திக்கினு இன்னாய்யா பைலட்டு? லுங்கி கட்டின பைலட்டு! நீ வயித்த இறுக்குறது அந்தப் பொட்டிக்குத் தெரியுமா?"

பக்கத்து போர்ஷன் அக்கா ஜன்னலோரம் நின்று சிரித்தது இருவருக்கும் கேட்டது. மறுநாளும் அவர் விளையாடினார், ஆனால் "ஹக்" சத்தம் வரவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஆறாவது மாதம், கடைசி வாரம். எங்கள் வரிசைக்கு மேலிருந்த ஃபேன் ஓடவில்லை. காலை பதினோரு மணி இருக்கும், கையிலிருந்த சிவப்பு ஒயர் சாம்பலானது. சூப்பர்வைசர் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். வேறு வழி தெரியவில்லை. கெண்டைக்கால், தொடை, வயிறு எல்லாவற்றையும் இறுக்கினேன். "ஹக்." தளர்த்திவிட்டு மறுபடியும் இறுக்கினேன். "ஹக்."

"இன்னாக்கா, வயித்து வலியா?" என்றாள் பக்கத்தில் நின்றவள். நான் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல அது சிவப்பானது. அதன் துளையில் சொருகினேன்.

பத்து நாளில் பெர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்தது. பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சத்தமில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தார். திரையில் வானம் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"வயித்த இறுக்குய்யா," என்றேன்.

திரும்பிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "இன்னாமே, மறுபடியும் கிண்டலா?"

ஆர்டரை அவர் மடியில் வைத்துவிட்டு, இரண்டு முறை விழுந்ததையும் மூன்றாவது முறை விழாததையும் சொன்னேன். விமானம் தரையில் மோதியதை இருவருமே கவனிக்கவில்லை. "ரெண்டு தபா வுயுந்துட்டு என்னாண்ட சொல்லவே இல்ல?" என்று கோபித்துக்கொண்டார். ஆர்டரை இரண்டு தரம் படித்தார். பிறகு கேமைப் புதிதாக ஆரம்பித்தார். நான் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். விமானம் திரும்பியபோது இருவரும் சேர்ந்து, பக்கத்து போர்ஷனுக்கே கேட்கும்படி, "ஹக்" என்றோம்.