கரை வேட்டி கட்டிச் சொன்ன வார்த்தை

என் கணவருக்கு இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன அன்று எனக்குப் பயம் வந்தது. வைத்தியம் செய்துகொள்ள மாட்டேன் என்று அவர் சொன்ன அன்று கொலைவெறி வந்தது. காரணம் கேட்டால் நீங்களும் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

அவர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிப் பெங்களூரில் கொண்டுபோய் இறக்குவதுதான் பிழைப்பு. நான் ஓசூரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனிப் பிள்ளைகள்தான் என் வாடிக்கை. ஒரு நாள் மண்டியில் கூடையைத் தூக்கியவர் மூச்சு முட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரசு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, ஸ்டென்ட் வைக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் பெங்களூருக்குப் போகச் சொன்னார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நாங்கள் விசாரித்த இடத்தில் நம் ஊர்க் காப்பீட்டு அட்டையை எடுக்கவில்லை. வண்டியை விற்றாலும் கட்டுப்படி ஆகாது. ஓசூரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில், அட்டை இருந்தால் ஒரு பைசா வேண்டாம், உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள். அட்டை எங்களிடம் இருந்தது. நான்தான் வரிசையில் நின்று வாங்கி வைத்திருந்தேன்.

அதில் இருந்த படம்தான் பிரச்சினை. இவர் சிறு வயதிலிருந்து ஒரே கட்சி. அட்டையில் சிரித்துக்கொண்டிருந்ததோ அடுத்த கட்சியின் தலைவர்.

“வாழ்நாள் பூரா அவங்கள திட்டிட்டு, இப்ப அவங்க படத்தக் காட்டி நான் பொழைக்கணுமா? ஊர்ல எவன் மூஞ்சில முழிக்கறது?”

“யோவ், உசுரு இருந்தாத்தான்யா மூஞ்சி!” என்று கத்தினேன். கல்யாணமாகி அதுவரை அவரை நான் ‘யோவ்’ என்று கூப்பிட்டதில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாத்திரையிலேயே ஓட்டிவிடுவாராம். வீம்பு பிடித்த மனிதர்.

எதிர்வீட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் அந்த அடுத்த கட்சிக்கு எங்கள் வார்டு செயலாளர். எல்லையோரப் பேரிகை ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கோபம் வந்தால் தெருவிலும் தெலுங்கு. அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெருமுனை டீக்கடையில் தினமும் சண்டை. காப்பீட்டுத் திட்டத்தை ஆரம்பித்தது நாங்கள், நீங்கள் பெயரையும் படத்தையும் மாற்றினீர்கள் என்பார் இவர். நீங்கள் போர்டு மட்டும்தான் மாட்டினீர்கள், நோயாளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நாங்கள் என்பார் அவர். பிரசவ உதவி, ஆம்புலன்ஸ், வீடு தேடி வரும் சர்க்கரை மாத்திரை என்று எதை எடுத்தாலும் இரண்டு கட்சியும் தகப்பன் என்று சொல்லிக்கொண்டு நிற்கும். எனக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். இப்போது நினைத்தால், யார் கொடுத்தது என்று அடித்துக்கொள்ளும் ஊரில் வாழ்க்கைப்பட்டது என் தாலி பாக்கியம் என்றுதான் தோன்றுகிறது.

கையில் ஒட்டிய மாவோடு அந்தப் பட்டறைக்கு ஓடி அழுதேன். அவர் வெல்டிங்கை நிறுத்திவிட்டு லுங்கியோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். கெஞ்சினார், திட்டினார், பிள்ளைகளைச் சொல்லிப் பார்த்தார். இவர் அசையவில்லை. கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ண்ணா, ஆரம்பிச்சது உங்க ஆளுங்கதான். படம் மட்டுந்தான் எங்களுது. உங்க கட்சி போட்ட சோறு, தைரியமா சாப்புடு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று யார் நினைத்தார்கள்? இவரும் திரும்பிப் பார்த்தார். சரி, மலை இறங்கிவிட்டார் என்று நினைத்தேன். எங்கே!

“இங்க நாலு செவுத்துக்குள்ள சொன்னா ஆச்சா? டீக்கடையில சொல்லு. கரை வேட்டி கட்டிட்டுச் சொல்லு.”

லுங்கி கட்டிக்கொண்டு ஒரு கட்சிக்காரர் என்ன பேசினாலும் அது சொந்தப் பேச்சு. கட்சிக் கொடியின் நிறத்தில் கரை போட்ட வேட்டியோடு பேசினால் கட்சியே பேசியது போல. அதுவும் வார்டு கவுன்சிலர் சீட்டுக்கு அவர் மனுப் போட்டிருந்த சமயம் அது. எத்தனையோ தேர்தலில் மற்றவர்களுக்காகச் சுவரெழுத்து எழுதி, கொடி கட்டியவரிடம், இந்தத் தடவை உனக்குத்தான் என்று மேலே இருந்தே சொல்லியிருந்தார்கள். அவர் எழுந்து போனார். வாசல்வரை பின்னால் போய், “வேணாம் தம்பி, இந்தாளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு” என்றேன். அவர் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் சொல்லி அனுப்ப, கைத்தாங்கலாக இவரை டீக்கடைப் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்தார். இஸ்திரி போட்ட கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். ஏதோ மேடைக்குப் போகிறவர் மாதிரி நின்று, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

“காப்பீட்டுத் திட்டத்த ஆரம்பிச்சது இவங்க கட்சிதான். நாங்க அப்பறமா வந்துதான் அத நடத்தினோம்.”

அவருடைய ஆட்கள் டீ டம்ளரோடு வாயைப் பிளந்தார்கள். அவர்களில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தார். எதிர்வீட்டுக்காரர் முகத்தை மறைக்கவும் இல்லை, போனைக் கீழே போடு என்று அதட்டவும் இல்லை. அந்தப் போனைப் பார்த்தே இன்னொரு தடவை சொன்னார். அந்த நிமிஷம் எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது.

என் கணவர் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். “எல்லாருக்கும் கேட்டுச்சா?” என்றார். பிறகு என்னிடம், “அட்டைய எடுத்துட்டு வா, போலாம்” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு ஓடினேன்.

ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. நர்ஸ் பிள்ளைகள் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். சில நாளில் நடந்தே வீட்டுக்குள் வந்தார்.

வேட்பாளர் பட்டியல் வந்தபோது அதில் எதிர்வீட்டுக்காரர் பெயர் இல்லை. அந்த வீடியோ மேலே வரை போய்விட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். கேட்டதிலிருந்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அவரே வழக்கம்போல உடம்பு விசாரிக்க வந்தார். மூஞ்சி வாடியிருந்தது, ஆனால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இவர்தான் தலையைக் குனிந்துகொண்டே ஆரம்பித்தார்.

“என்னாலதான்டா உனக்குப் போச்சு. பேசாம எங்க கட்சிக்கு வந்துடு. சீட்டு நான் வாங்கித் தர்றன்.”

அவர் சேரிலிருந்து துள்ளி எழுந்தார். “உன் கட்சிக்கா? செத்தாலும் வரமாட்டண்ணா!”

கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கரண்டியோடு வெளியே வந்தேன்.

“செத்தாலும் கித்தாலும்னு இந்த வூட்டுல எவனாச்சும் பேசினா நாக்க அறுத்துடுவன். உசுரோட இருந்து சண்ட போடுங்க, ரெண்டு பேரும்.”