கஸ்தூரி சரியாகத்தான் கலந்தாள்

அந்த எஞ்சினைக் கெடுத்தவன் நான். பழியைத் தூக்கி ஒரு பெண்ணின் தலையில் வைத்தவனும் நான்.

சுற்றி வளைக்க விரும்பவில்லை. வளைத்து வளைத்துப் பேசித்தான் இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு டீக்கடை ருக்குமணி என்னைப் பார்த்து அடிக்கடி சொல்வாள்: "உன் வாயில கீற எஞ்சினுக்கு பிரேக்கே கெடையாதுய்யா!" வேடிக்கைக்குச் சொல்வாள். அந்த வாய் என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

திருவொற்றியூரில் எனக்கு ஒரு சிறிய பட்டறை. காசிமேட்டிலிருந்து படகு எஞ்சின்கள்தான் பெரும்பாலும் வரும். நான் யாரிடமும் தொழில் கற்றவன் அல்லன். பிரித்து, கெடுத்து, மறுபடி பிரித்து, நானாகக் கற்றேன். அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. இல்லையென்று சொன்னால் இந்த வாக்குமூலத்துக்கே அர்த்தம் இல்லை.

கஸ்தூரி கொருக்குப்பேட்டையில் ஒரு காயலான் கடையில் இரும்பு பிரித்துப் போடும் வேலை பார்த்தாள். அவள் கணவன் ஏழுமலை மரம் வெட்டுபவன். ஒரு நாள் இருவரும் வந்தார்கள். அவள் தோளில் சாக்கு மூட்டை. மூட்டைக்குள் ஒரு பழைய செயின் ரம்பம்... மரம் அறுக்கும் மிஷின். ஏதோ கப்பலில் கிடந்ததாம். வயதில் எனக்கும் மூத்ததாக இருக்கலாம்!

"ணா, இத்த எடைக்குப் போட்டுட்டாங்க. எனக்கு மனசு வரல. உயிர் கீதான்னு பாத்துச் சொல்லு."

"இத்தப் போயி தூக்கினு வந்துகீறா நைனா!" என்றான் ஏழுமலை. "துருப்புடிச்சதுன்னா போதும், இவளுக்குப் புடிச்சிரும்."

"ஆமா. அதான் உன்னியக் கட்டிக்கினேன்."

மூவரும் சிரித்தோம். நான் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தேன். உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி என் கையைத் திருப்பி இழுத்தது. உயிர் இருந்தது!

பல நாள் பிடித்தது அந்த வேலை. சாயங்காலங்களில் கஸ்தூரி வந்துவிடுவாள். ஒவ்வொரு திருகையும் மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்குவாள். ஒவ்வொன்றுக்கும் கேள்வி. இது எதுக்குணா, அது இல்லன்னா இன்னாவும்ணா... யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்குச் சோறு வேண்டாம். பேரிங் மாற்றினேன், ரிங் மாற்றினேன், தீப்பொறி வரும் இடத்தைத் தேய்த்துத் துலக்கினேன்.

இந்த வகை எஞ்சினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலில் அளந்து கலக்க வேண்டும். பெட்ரோல் போகும் வழியிலேயே ஆயிலும் போய் பிஸ்டனை வழவழப்பாக வைக்கும். குறைந்தால் பிஸ்டன் உரசிப் பூட்டிக்கொள்ளும். இதைச் சொன்னதும் கஸ்தூரி ஒரு தண்ணீர் பாட்டிலில் சிவப்பு நகப்பூச்சால் இரண்டு கோடு போட்டாள். ஆயிலுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று.

"இந்தக் கோட்டத் தாண்டினா என் பேர மாத்திக்கிறேன்ணா!"

அப்போதுதான் புயல் அடித்தது. ஏழுமலை வாசலில் வந்து குதித்தான்: "நைனா, ஊரே சாஞ்சி கெடக்குது. இப்ப வுட்டா எப்ப?"

மீதி இருந்தது ஒரே வேலை. பெட்ரோலை உள்ளே அனுப்பும் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே, காற்று கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட். அதற்கென்று விற்கும் அட்டை என்னிடம் தீர்ந்திருந்தது. பாரிமுனைக்குப் போய் வாங்கியிருக்கலாம். போகவில்லை. அலமாரியில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். எஞ்சின் வாயில் வைத்து, விளிம்போடு சுத்தியலால் தட்டினால் அளவாக வெட்டுப்படும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இது வழக்கம்தான். பத்திரிகை அட்டையில் நான் எத்தனை படகை ஓட விட்டிருக்கிறேன்!

ஆனால் இந்த மிஷினில் ஊசி நுனி அளவுக்கு ஒரு துளை உண்டு. எஞ்சினின் மூச்சுக்காற்று அதன் வழியே வந்து தட்டித்தான் பெட்ரோல் ஏறும். அட்டையில் அந்த இடத்தை ஓர் ஆணியால் குத்திவிட்டு மூடினேன். அவ்வளவுதான்... அவ்வளவேதான்!

நான்கு நாள் ஓடியது. கஸ்தூரி காயலான் கடை வேலையை விட்டுவிட்டுக் கணவனோடு போனாள். பெட்ரோல் கலப்பதும் அவள்தான், கிளையில் கட்டிய கயிற்றைப் பிடிப்பதும் அவள்தான். ஐந்தாம் நாள் பெரம்பூரில், சாலையை அடைத்துக் கிடந்த பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் நடுவில், மிஷின் கிறீச்சென்று கத்திவிட்டு நின்றது. வேறு ஆட்கள் வந்து ஏழுமலையை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அறுத்து முடித்தார்கள். ஊர் பார்த்தது.

அன்று மாலையே மிஷினோடு வந்தார்கள். பிரித்தேன். பிஸ்டன் முழுக்கக் கீறல். கார்புரேட்டரைக் கழற்றினேன்... பெட்ரோலில் ஊறிய பத்திரிகை அட்டை உப்பி, அந்தத் துளையைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. பெட்ரோல் ஏறவில்லை, அதோடு வர வேண்டிய ஆயிலும் ஏறவில்லை.

பார்த்த நொடியில் எனக்குப் புரிந்தது. அட்டையை உள்ளங்கையில் கசக்கிக் கால்சட்டைப் பையில் போட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

"இன்னா நைனா ஆச்சி?"

"ஆயில் பத்தல."

"இவ கலக்குனதா?"

இங்கேதான்... இந்த இடத்தில்தான் நான் நின்றிருக்க வேண்டும். ஏன் நிற்கவில்லை? பேர் போய்விடும் என்ற பயமா? படகுக்காரர்கள் காதுக்குப் போனால் என்ற கணக்கா? எத்தனையோ காரணம் யோசித்துப் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், யோசிக்கும் முன்பே வாய் பேசிவிட்டது.

"கலக்கறப்பதான் எங்கியோ தப்பு நடந்துகீது."

"ணா..." என்றாள் கஸ்தூரி. "கோடு தாண்டலணா! கோடு போட்டத நீயே பாத்தியேணா!"

நான் நிமிரவில்லை. கை அழுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒரு பொய் என்று விட்டுவிடலாம். மறுநாள் நான் செய்தது அதைவிடக் கொடுமை. என்ன செய்தேன் தெரியுமா? மிஷினை நன்றாகப் பழுது பார்த்தேன்! பாரிமுனைக்குப் போய் சரியான அட்டை வாங்கினேன். புதுப் பிஸ்டன் போட்டேன். அதன்பின் ஏழுமலையே பெட்ரோல் கலந்தான். மிஷின் ஒரு நாளும் நிற்கவில்லை.

"என் கையால கலக்குனேன், ஓடுது பாரு!" என்று தெரு முழுக்கச் சொன்னான். என்னுடைய ஒழுங்கான வேலையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது... இன்றும் சொல்கிறது.

முன்பெல்லாம் அவனுக்கு அவள் சொன்னால் சரி. இப்போது அவளை வேலைக்கு அழைத்துப்போவதில்லை. கேஸ் மூடிவிட்டேன் என்று அவள் சொன்னால் எழுந்து போய்ப் பார்க்கிறான். கதவைப் பூட்டிவிட்டேன் என்றால் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறான். காயலான் கடையில் அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இப்போது காசிமேட்டில் கூலிக்கு இறால் உரிக்கிறாள்.

ஒரு மத்தியானம் தனியாக வந்தாள். விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

"ணா, உள்ள இன்னா இருந்துச்சின்னு உனக்குத் தெரியும். அவருகிட்ட மட்டும் சொல்லு. வெளிய நான் மூச்சு வுட மாட்டேன்."

தப்பிக்க எனக்கு அவளே ஒரு வழியைத் திறந்துவிட்டாள், பாருங்கள்! ஏமாற்றப்பட்டவள் வந்து, ஏமாற்றியவனின் மானத்துக்குக் காவல் இருப்பதாகச் சொல்கிறாள்!

"பழைய மிஷின்மா... இன்னான்னு சொல்றது" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

எங்கள் பேட்டையில் நெருங்கியவர்களை யாரும் 'ங்க' போட்டுப் பேசமாட்டார்கள். அவள் என்னை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வேறு விதமாகப் பேசவும் இல்லை.

உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் ஏழுமலை இல்லை.

மூன்று நாள் முன்பு அவன் மிஷினைத் துடைத்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தான். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"நைனா, அவள நான் மன்னிச்சிட்டேன். தெரியாம பண்ணிட்டா, வுட்டுத் தள்ளிட்டேன். ஆனா ஒத்துக்கவே மாட்டேன்றா! சோறு போடறா, பேச மாட்டேன்றா. தப்ப ஒத்துக்கறதுக்கு இன்னா ரோசம் வேண்டிகீது, சொல்லு? நீ ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வா. எறா தொக்கு செய்யச் சொல்றேன். நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பா. நீதான் அன்னிக்கு உள்ளதச் சொன்னவன்."

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்?

தலையை ஆட்டினேன். "சொல்றேன்" என்றேன்.

நாளை ஞாயிறு.