இடது பாதி அண்ணாச்சியுடையது

சென்ற மாதம் பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறு பத்துக்குச் செய்தி வந்தது. பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள் செய்கிற எங்கள் பாளையங்கோட்டைக் குழுவில் அதுவரை ஏழு பேர். அதற்குப் பிறகு ஆறு பேர்.

கைபேசியில் பேசியது குழுவில் ஒருவரான மேலப்பாளையம் மைதீன். "ஏலே, கண்ணாடிக்கடை அண்ணாச்சி தவறிட்டாருலே. நெஞ்சுவலி." நான் கேட்டது, "எத்தனை மணிக்கு?" "மணியத் தெரிஞ்சு என்னலே செய்யப்போற, கெளம்பி வா" என்றார். பேட்டையில் ஒரு உதிரிபாகப் பட்டறையில் அளவு சோதிப்பது என் வேலை. எனக்கு எண்தான் முதலில் வாயில் வரும்.

ஞானதாஸ் அண்ணாச்சியை உங்களில் பலருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவராகத் தெரியும். குழுவில் இருந்தவர்களுக்கு, எங்களிலேயே மோசமாக விமானம் ஒட்டியவராகவும் தெரியும். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று மைதீன் கேட்டார். அவரே சொல்லிக்கொண்டதுதான். பசை வழியும், சக்கரம் கோணும், ஆனால் எடுத்த எதையும் முடிக்காமல் விட்டதில்லை. "இது பறக்கப் போவுதா வே? நிக்கணும், அவ்வளவுதான்" என்பார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். 'லே' என்று கூப்பிட்டிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எனக்குக் கடைசிவரை 'நீரு', 'வே' என்ற மரியாதைதான்.

இரண்டு வருடம் முன்பு டவுனில், ரத வீதிப் பக்கம், ஒரு விளையாட்டுச் சாமான் கடையை மூடினார்கள். பின்கட்டு அலமாரியில் இரண்டாம் உலகப் போர்க்கால ஹரிக்கேன் சண்டை விமானத்தின் மாதிரி ஒன்று, ஒட்டாத துண்டுகளாக, பிரிக்காத பெட்டியில் இருந்தது. பெட்டிக்கு என்னைவிட வயது அதிகம். நான் ஒரு பக்கம் கைவைத்தபோது மறுபக்கம் அண்ணாச்சி கைவைத்திருந்தார். இருவரும் விடவில்லை. "இழுத்துக் கிழிச்சிராதீங்க, இது ஒண்ணுதான் கெடக்கு" என்றார் கடைக்காரர். அண்ணாச்சிதான் வழி சொன்னார். விமானத்தின் உடல் இடது, வலது என்று இரண்டு துண்டாகத்தானே அச்சாகி வருகிறது? ஆளுக்கொரு பாதி. அவரவர் வீட்டில் செய்து, முடிந்ததும் சேர்த்து ஒட்டுவது. கீழ் இறக்கை மட்டும் ஒரே துண்டு. அதை அவர் கடையில் வைத்து நடுவில் அறுத்தோம். "சொத்துப் பிரிக்க மாதிரில்லா இருக்கு" என்று மைதீன் சிரித்தார்.

அவருடைய இடது பாதி ஆறு வாரத்தில் தயார். பெயின்ட் அடித்து, விமானப்படையின் வட்டச் சின்னம்கூட ஒட்டிவிட்டார். பசை பட்டு இறக்கை இளகியிருந்தபோது பெருவிரலை வைத்துவிட்டதால் ரேகை அப்படியே பதிந்திருந்தது. தேய்த்து எடுங்கள் என்றேன். "இருக்கட்டும் வே. ஆதார் கேட்டா காட்டிக்கிடலாம்."

நான் அப்படிச் செய்கிறவன் இல்லை. பழைய அச்சில், விமானத் தகடுகளை இணைக்கும் ஆணித் தலைகள் கம்பு மணி போலப் புடைத்திருக்கும். எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தேன். பிறகு உண்மையான விமானத்தின் வரைபடத்தை வைத்து அளந்தேன். மூக்குப் பகுதி மூன்று மில்லிமீட்டர் கூடுதல் நீளம். அச்சு செய்தவர்களின் பிழை. என் பாதியில் அந்த மூன்று மில்லிமீட்டரை அறுத்தெடுத்து மறுபடி ஒட்டினேன். செய்தது சரி. இன்றைக்கும் சரி.

"உம்ம பக்கம் ஆச்சா வே?" என்று வாரம் தவறாமல் கேட்டார். ஆகவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொரு பிழை தெரிந்தது.

இந்தக் கோடையில் ஒருநாள் என் பாதியைக் கடைக்கு எடுத்துப்போனேன். மேசை மேல் இரண்டையும் சேர்த்து வைத்தார். வால் பொருந்தியது. மூக்கு பொருந்தவில்லை. "பரவால்ல, நம்ம விமானம் நேரா போவாது. சுட வாரவன் கொழம்பிருவான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பக்கத்தை வெட்டிவிடுங்கள், நான் அளவு குறித்துத் தருகிறேன் என்றேன்.

"நான் வெட்ட மாட்டேன் வே."

"உங்க பக்கம் தப்பு, அண்ணாச்சி."

"தப்புதான். ஆனா முடிஞ்ச தப்பு. உம்மது முடியாத சரி." கையில் இருந்த கண்ணாடிச் சட்டத்தின் காலை விளக்கில் காட்டிப் பைய வளைத்துக்கொண்டே சொன்னார்: "எந்த மொகத்துலயும் ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருக்காது. கண்ணாடிக் காலத்தான் வளைக்கணும். காத வெட்டவா முடியும்?"

அது சமாளிப்பு, பொறியியல் இல்லை என்று சொல்லிவிட்டு என் பாதியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் கோபப்படவில்லை. மறுநாள் கைபேசிக்கு இடது பாதியின் படம் வந்தது. கீழே ஒரே வரி: "இவன் ரெடி." நான் பதில் போடவில்லை. யார் விட்டுக்கொடுப்பது என்று முடிவாகாமலே மூன்று வாரத்தில் அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பின் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பியபோது மைனி என்னை நிறுத்தினார். அண்ணாச்சி மனைவியை நாங்கள் எல்லோரும் மைனி என்றுதான் கூப்பிடுவோம். துணியில் சுற்றிய இடது பாதியைக் கையில் கொடுத்தார்.

"கடைய என் தம்பி பாத்துக்கிடுவான். கண்ணாடி அலமாரியில இத வைக்கணும்னு அவ்வோ இடம் ஒதுக்கி வச்சிருக்காவ. பாதியா வைக்க முடியாதுல்லா?"

"மூக்கு பொருந்தல மைனி."

"தெரியும். 'அவன் சின்னப்பய, வழிக்கு வருவான்'னு உங்களப் பத்திச் சொல்லிட்டே இருந்தாவ."

வீட்டுக்கு வந்து இரண்டு பாதிகளையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். அவர் சொன்னது சரி என்று இப்போதும் தோன்றவில்லை. ஹரிக்கேனின் மூக்கு அவ்வளவு நீளம் கிடையாது. ஆனால் கணக்கு எளிது. என் பாதியை இன்னும் பத்து தடவை மாற்றலாம். அவருடையதைச் செய்ய இனி ஆள் இல்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததும் அந்த இடது பாதிதான், அதன் எல்லாப் பிழைகளோடும்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. வரும் ஞாயிறு, என் பாதியின் மூக்கைப் பழைய இடத்திலேயே மறுபடி அறுப்பது.

2. நடுவில் பிளாஸ்டிக் பட்டை வைத்து நீட்டுவது. அளவை வரைபடத்திலிருந்து எடுக்கக் கூடாது. அவர் பாதியிலிருந்து எடுக்க வேண்டும்.

3. இருக்கிறபடியே பெயின்ட் அடிப்பது. வேறு எதையும் சரிசெய்யாமல் இருக்கிறேனா என்று மைதீன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்.

4. மைனி முன்னால், கடை மேசையில் வைத்து, இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டுவது.

5. மூக்கு நீளமாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால், ஆமாம், மூன்று மில்லிமீட்டர் என்று சொல்வது.